டெஸ்டர் வீட்டுக் கடலைப்பால்

பானுமதியைச் சென்றாயன் கொட்டாய் என்ற ஊருக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய அப்பா பார்த்தவரிடமெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "பாலுக்குப் பஞ்சமில்லாத வூட்டுக்குப் புள்ளையக் குடுத்திருக்கறேன்." அவருக்கு மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மேட்டுநிலம். ஒரு போகம் தக்காளி, ஒரு போகம் நிலக்கடலை. மாடு வைத்துக்கொள்ளத் தண்ணீர் போதாது. காப்பிக்குக்கூடப் பாக்கெட் பால்தான். மாப்பிள்ளை சந்திரமோகனோ பால் சொசைட்டியில் டெஸ்டர். காலையும் மாலையும் ஊர்ப்பால் முழுக்க அவன் கையைத் தாண்டித்தான் கேனுக்குப் போகும்.

கொட்டாயில் டெஸ்டருக்குத் தனி மரியாதை உண்டு, தனிப் பகையும் உண்டு. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு அவன் சொல்கிற டிகிரிதான் அந்த வாரத்து வரும்படி. தண்ணீர் கலந்திருந்தால் மாமன் மச்சான் என்று பார்க்காமல் தூக்குப்போசியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவான். அவன் நேர்மையானவன். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, பானுமதிக்கும்தான். அந்த நேர்மைக்குக் கிடைத்த பேர்மேல் அவனுக்கு இருந்த ஆசை எவ்வளவு பெரியது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

மகள் தேவிப்பிரியா பிறந்து எட்டாவது மாதம் முதன்முதலாகத் தயிர்சோறு ஊட்டினார்கள். மூன்றாவது வாயில் குழந்தையின் உதடு அத்திப்பழம் மாதிரி வீங்கியது. மேலெல்லாம் தடிப்பு. மூச்சு சீட்டியடித்தது. தருமபுரிப் பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தைகள் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பால்ல இருக்கற புரதம் இந்தப் புள்ளைக்கு ஆகாது. மாட்டுப்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவுமே வேண்டாம். தயிர், நெய், பால் கலந்த பிஸ்கட், ஐஸ்கிரீம் கிட்டயே காட்டாதீங்க. தாய்ப்பால் குடுக்கற வரைக்கும் நீங்களும் பால் சாப்பிடக் கூடாதும்மா."

"எப்பச் சரியாவுங்க மேடம்?" என்று பானுமதி கேட்டாள்.

"சில குழந்தைங்களுக்கு வளர வளர ஆறேழு வயசுல தானா சரியாயிடும். சிலருக்கு ஆவறதில்ல. நாங்க இங்க டெஸ்ட் பண்ணிச் சொல்ற வரைக்கும் நீங்களா குடுத்துப் பாத்துடாதீங்க. அதுல உசுருக்கே ஆபத்து இருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சந்திரமோகன் வாயைத் திறந்தான். "இந்தா, இத ஊர்ல யாருகிட்டயும் சொல்லாத."

"ஏங்க? சொன்னாதான யாரும் தெரியாம ஒன்னுத்தக் குடுத்துட மாட்டாங்க?"

"டெஸ்டர் வூட்டுப் புள்ளைக்குப் பால் ஆவாதுன்னா சிரிப்பாங்க. மாடு வெச்சிருக்கற சனம். அவங்களுக்கு இது சாபம்னுதான் தோணும். நாளைக்குக் கட்டிக்குடுக்கற புள்ள வேற. நாமளே பாத்துக்கலாம்."

அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. சரி என்றாள். பின்னாளில் யார்மேல் கோபம் வந்தாலும் அவளுடைய மனம் இந்தச் "சரி"யில் வந்துதான் நிற்கும்.

அன்றிலிருந்து அவள் வரக்காப்பிக்கு மாறினாள். இரண்டு வயதுவரை தாய்ப்பால் கொடுத்தாள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்கிற அம்மாவிடம் கேட்டபோது, ராகி, கீரை, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கொட்டைகளை அரைத்துப் பால் எடுத்தும் கொடுக்கலாம் என்றார். பாதாம் என்று அவர் சொன்னதும் பானுமதி முழித்ததைப் பார்த்துவிட்டு, "நிலக்கடலை ஒத்துக்கிட்டா அதுவே போதும். ஆனா சில குழந்தைங்களுக்கு அதுவும் ஆகாது. இங்க எங்க முன்னால வெச்சுத் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் குடுங்க. அதை மட்டுமே நம்பியும் இருக்காதீங்க" என்றார். நாக்கில் ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பானுமதி அழுதுவிட்டாள். அவளுடைய அப்பாவின் காட்டில் வேறு எது விளையாவிட்டாலும் கடலை விளையும்.

முதல் மாதம் முழுக்கத் தோல்விதான். ஊறப்போட்ட கடலையைத் தோலோடு அரைத்தால் துவர்த்தது. தோலை நீக்கி அரைத்தால் பச்சை வாசனை அடித்தது. பெரிய தீயில் வைத்தால் அடிபிடித்தது. கொதிக்கையில் தண்ணீர் விட்டால் திரிந்துபோனது. மெல்ல மெல்லக் கை பழகியது. பொழுது சாய ஊறவைத்து, விடிந்ததும் கையால் தேய்த்துத் தோலைக் களைந்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்சியில் இரண்டு ஓட்டு ஓட்டி, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பிறகு சின்னத் தீயில் கரண்டியை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால் நுரை அடங்கும்போது பச்சை வாசனையும் போய்விடும். நாலு கல் உப்பு, கொஞ்சம் வெல்லம், ஒரே ஒரு ஏலக்காய். சக்கை சட்னிக்கும் அடைக்கும் ஆகும். தேவிப்பிரியா டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு மேலுதட்டில் வெள்ளை மீசையோடு சிரிப்பாள். பானுமதியின் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்தக் காலைகள்தான்.

குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அவள் கற்றுக்கொடுத்த முதல் முழு வாக்கியம், "வேண்டாங்க, வயிறு நெறஞ்சிருக்குது." யார் வீட்டுக்குப் போனாலும் தேவிப்பிரியா அதைச் சொன்னாள். பிறந்தநாள் கேக்குக்கும் சொன்னாள், கோயிலில் பால்பாயசத்துக்கும் சொன்னாள். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. டெஸ்டர் பெண்ணுக்கு நம் வீட்டில் கை நனைக்க ஆகாதாம் என்று ஜாடைமாடையாகப் பேசினார்கள். பானுமதி காதில் வாங்காதவள்போல் நடந்தாள்.

பெண்ணுக்கு எட்டு வயது நடந்தபோது, அடுத்த வீட்டுச் சாலம்மாள் ஒரு காலை முறம் கேட்டு உள்ளே வந்தாள். அடுப்பில் கடலைப்பால் நுரைத்துக்கொண்டிருந்தது.

"இதென்ன பானு, வாசன வேற மாதிரி அடிக்குது?"

"ஒன்னுமில்லக்கா. கல்லக்கா அரைச்சது. சட்னிக்கு."

"சட்னிய எவ வெல்லம் போட்டுக் காச்சறா?" சாலம்மாள் சிரித்துக்கொண்டே கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஏன், வூட்டுல பால் இல்லையா? உங்கூட்டுக்காரரு கேன் கேனா அளக்கறாரே?"

பானுமதிக்குச் சட்டென்று பொய் வரவில்லை. "பாப்பாவுக்கு இதுதான் புடிக்குது" என்றாள்.

சாலம்மாள் கெட்டவள் அல்ல. வாய் நிற்காது, அவ்வளவுதான். அன்று மாலை பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது, டெஸ்டர் வீட்டில் மாட்டுப்பாலே வாங்குவதில்லை, கடலைப்பால்தான் காய்ச்சுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிவைத்தாள். அந்த வரிசையில் மாரப்பன் நின்றிருந்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் மாரப்பன் பாலில் தண்ணீர் என்று சந்திரமோகன் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பியிருந்தான். மாரப்பனுக்கு அந்த அவமானம் ஆறாமல் கிடந்தது. இப்போது கையில் கல் கிடைத்தது. "ஏன் தன் புள்ளைக்குப் பால் குடுக்கறதில்லன்னு யோசிச்சீங்களா? நாம ஊத்தற பால்ல அவன் உள்ள வெச்சு என்னமோ கலக்கறான். பவுடரோ, சோப்புத் தண்ணியோ, எவன் கண்டான்? அதான் தன் வூட்டுக்கு மட்டும் ஆவாது." கேட்டவர்களுக்கு அந்தப் பெண் எட்டு வருடமாக யார் வீட்டிலும் பால் தொடாதது ஞாபகம் வந்தது. முன்பு பால் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு வாரத்தில் பாதிப் பேர் தனியார் வண்டிக்குப் பால் ஊற்றத் தொடங்கினார்கள். சொசைட்டித் தலைவர் மாதையன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உறுப்பினர்களைக் கூட்டினார். சந்திரமோகன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனான்.

கிளம்பும்போதே பானுமதி சொன்னாள். "ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் பைல்ல இருக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க. உண்மையச் சொல்லிடலாம். எத்தன நாளைக்குங்க?"

"எட்டு வருசம் மறைச்சிட்டு இப்ப காகிதத்தக் காட்டுனா எவன் நம்புவான்? இந்தப் பேச்சுக்குன்னே எழுதி வாங்கிட்டு வந்தான்னு சொல்லுவாங்க. நீ சும்மா இரு."

முக்கால் மணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். முகம் கறுத்திருந்தது. கூடத்தில் பரமபதம் விளையாடிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்தான்.

"எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"சொசைட்டிப் பால இவ ஒரு வாய் குடிச்சுக் காட்டணும்ங்கறாங்க. ஒரு வாய்தான். அதோட முடிஞ்சுது."

பானுமதி வாசலை மறித்து நின்றாள். "உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஆறேழு வயசுல சரியாயிடும்னும் அவங்கதான் சொன்னாங்க. இவளுக்கு எட்டு ஆச்சு. போன தீவாளிக்கு எவளோ குடுத்த முறுக்குல வெண்ணெ இருந்துச்சு, ஒன்னும் ஆவலையே?" அவன் குரல் உடைந்தது. "பானு, கலப்படக்காரன்னு சொல்றாங்க என்ன. பதினாலு வருசம் ஒரு சொட்டுத் தப்பு பண்ணியிருக்கறனா? நான் அங்க எப்படி நிக்கறது?"

அவளைத் தோளால் விலக்கிவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவள் பைலை உருவிக்கொண்டு செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள்.

சொசைட்டி முன்னால் எண்பது பேராவது இருந்தார்கள். சுடவைத்து ஆற்றிய பால் எவர்சில்வர் டம்ளரில் தயாராக இருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று மாரப்பனே கேனிலிருந்து மொண்டு காய்ச்சியது. பானுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தபோது டம்ளர் பெண்ணின் கைக்குப் போய்விட்டது.

தேவிப்பிரியா டம்ளரைப் பார்த்தாள். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். "வேண்டாங்க, வயிறு நெறஞ்சிருக்குது" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

"அப்பா இருக்கறேன் சாமி. ஒன்னும் ஆவாது. குடி" என்றான் சந்திரமோகன்.

அப்போது பெண் பானுமதியைத்தான் பார்த்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் டம்ளர் மண்ணில் உருண்டிருக்கும். பைலைத் தூக்கிப் பிடித்து ஒரு சத்தம் போட்டிருந்தால் எண்பது பேரும் திரும்பியிருப்பார்கள். அந்த நொடியில் அவள் மனசுக்குள் ஓர் எண்ணம் ஓடியது. ஒருவேளை சரியாகியிருக்குமோ? சரியாகியிருந்தால் எல்லாம் தீர்ந்துபோகுமே, பொய்யும் பயமும் வரக்காப்பியும் எல்லாமே? அந்த ஆசை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டது. பெண் அம்மாவின் முகத்தில் தடை எதையும் காணாமல் டம்ளரை வாயில் வைத்தாள். ஒரு வாய் என்றுதான் பேச்சு. நல்ல பிள்ளையாக அவள் பாதி டம்ளர் குடித்தாள்.

கைதட்டினார்கள். மாதையன் எழுந்து ஏதோ பேச ஆரம்பித்தார். அவர் நாலு வாக்கியம் பேசுவதற்குள் தேவிப்பிரியா கழுத்தைச் சொறிந்தாள். பிறகு, "அம்மா, நாக்கு பெருசா ஆவுதும்மா" என்றாள். பிறகு பேச்சே வரவில்லை.

பால் கேன் ஏற்றுகிற வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பாலக்கோட்டுக்கு ஓடினார்கள். வழியெல்லாம் பெண்ணின் தலை பானுமதியின் மடியில் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்காக ஒவ்வொரு முறையும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. அங்கே தொடையில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் தருமபுரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் குழாய் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் பெண் கண்ணைத் திறந்து தானாக மூச்சு விட்டாள்.

முன்பு பார்த்த டாக்டரம்மா இப்போது வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக இருந்த டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு பானுமதியைப் பார்த்துக் கத்தினார். "இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. தெரிஞ்சுமா குடுத்தீங்க? நீ தாயாம்மா?"

பானுமதி வாயெடுப்பதற்கு முன்னால் பின்னால் நின்ற சந்திரமோகன் சொன்னான்: "குழந்தை தெரியாமக் குடிச்சிடுச்சுங்க சார்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பானுமதி தரையைப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. அவள் சொன்ன இரண்டாவது "சரி" அது, சத்தம் வராத சரி.

ஊர் திரும்பியபோது எல்லாம் மாறியிருந்தது. சாலம்மாள் வந்து தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். மாரப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலிலேயே நின்றான். "சத்தியமா தெரியாதும்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பனா?" என்றான். அவன் சொன்னது உண்மை என்பது அவளுக்குத் தெரியும்.

சந்திரமோகனுக்கு மட்டும் எல்லாம் நன்றாக முடிந்தது. பால்மேல் தப்பில்லை, பிள்ளையின் உடம்பில்தான் கோளாறு என்று ஊருக்கு விளங்கிவிட்டது. தனியார் வண்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். "பெத்த புள்ளையவே எடுத்து முன்னால நிறுத்துன மனுசன்டா, அவனையா சந்தேகப்பட்டோம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் சொசைட்டிச் செயலாளர் இடம் காலியானபோது ஒரே குரலில் அவன் பெயரைச் சொன்னார்கள். மாலை போட்டு அழைத்து வந்து வீட்டு வாசலில் விட்டார்கள். பானுமதி ஆரத்தி எடுக்க வெளியே வரவில்லை. சாலம்மாள்தான் எடுத்தாள்.

அன்று அவன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப? புள்ளைதான் நல்லா ஆயிட்டாளே" என்றான்.

"நல்லா ஆயிட்டாளா?" என்று கேட்டாள் பானுமதி.

அவன் ஆணியில் ஆடிய மாலையைச் சரிசெய்தான். அவனுக்கும் தெரியும்.

முந்தின வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை அவள் வழக்கம்போல் கடலைப்பால் காய்ச்சி, வெல்லம் போட்டு ஆற்றிக் கொடுத்திருந்தாள். தேவிப்பிரியா டம்ளரைக் கையில் வாங்கவில்லை.

"கல்லக்கா பால்தான் கண்ணு. நீ எப்பவும் குடிக்கறதுதான்."

"இதுவும் வெள்ளையாத்தான் இருக்குது."

"அம்மா உம் முன்னாலயே அரைச்சேனே, பாத்தல்ல? ஒன்னும் ஆவாது, குடி."

பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு" என்றாள். "நீயும் அங்கதான நின்ன?" என்றும் கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பானுமதி தாங்கிக்கொண்டிருப்பாள். மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

வெல்லத்துக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டுப் பார்த்தாள். நிறம் மாறட்டும் என்று ராகி மாவு கலந்தாள். பீட்ரூட் சாறு ஊற்றினாள். அப்பா கொண்டுவந்த கடலையை விட்டுவிட்டுக் கால் கிலோ பாதாம் வாங்கி ஊறவைத்து அரைத்தாள். எதையும் பெண் வாங்கவில்லை. யார் ஊற்றிக் கொடுத்தாலும் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். கடலையை வேகவைத்து ஓட்டோடு கொடுத்தால் தானே உரித்துத் தின்பாள். தன் கையால் உரித்தது மட்டும்தான் அவளுக்கு நிச்சயம். ஆறாம் வகுப்புக்குத் தருமபுரியில் விடுதிப் பள்ளியில் சேர வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். விடுதிக் காப்பாளரிடம் பானுமதி எல்லாச் சீட்டுகளையும் கொடுத்து, பால் ஆகாது என்று அங்கே இருந்த ஆசிரியர்கள், சமையல்காரர்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னாள். சந்திரமோகன் வெளியே மரத்தடியில் நின்றான்.

போன தை மாதம் பாலக்கோட்டில் மகளிர் குழுக்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கடலையில் என்னென்ன செய்யலாம் என்பது பாடம். சாலம்மாள்தான் போய்ப் பேர் கொடுத்திருந்தாள், எங்கள் ஊரில் ஒருத்தி கடலைப்பால் காய்ச்சினால் மாட்டுப்பால் தோற்றுப்போகும் என்று. பானுமதி முதலில் மாட்டேன் என்றாள். பெண் விடுதிக்குப் போனபிறகு காய்ச்சிப் பார்க்கவும் காரணம் இல்லாமல் கை மறந்துபோகும் என்று தோன்றவே போனாள்.

நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோலைக் களைவதில் ஆரம்பித்து நுரை அடங்குவதுவரை பிசகாமல் செய்து காட்டினாள். எல்லோருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். வத்தல்மலையிலிருந்து வந்திருந்த ஒருத்தி இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தாள். பென்னாகரத்துப் பெண் ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"இவ்ளோ ருசியா இருக்குதே அக்கா, உங்க புள்ள தெனமும் கேட்டு வாங்கிக் குடிக்குமா?"

பானுமதி கரண்டியைக் கீழே வைத்தாள். ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"இல்லீங்க. குடிக்கறதில்ல. அவளுக்குப் பால் ஆவாதுன்னு தெரிஞ்சிருந்தும் ஊர் முன்னால அவங்கப்பா பால் குடுத்தாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல இருந்து நான் எதக் குடுத்தாலும் குடிக்கறதில்ல."

சாலம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பயிற்சி நடத்திய மேடம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, ரொம்ப நன்றி. அடுத்து எள்ளுல எப்படிப் பால் எடுக்கறதுன்னு பாக்கலாம்" என்றார். பெண்கள் நோட்டில் பக்கத்தைத் திருப்பினார்கள். பென்னாகரத்துப் பெண் மட்டும் எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானுமதி வேட்டித் துணியை உதறினாள். சக்கையைத் தனியாக வழித்து எடுத்துவிட்டு, எள்ளை அளக்கப் படியை எடுத்தாள்.